பொருளும் கோலமும்: இணையப் பக்கக் கலையின் முதற் பாடங்கள்

எழுதுங் கருவி மாறுந்தோறும் எழுத்தின் தோற்றமும் மாறிவந்துள்ளமையைத் தமிழிலக்கிய வரலாறு நன்கு காட்டும். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்திலே, ஓலை கிழிந்துவிடும் என அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விடுத்தனர். சொற்களுக்கிடையே இடம்விடும் வழக்கமும் நிறுத்தக் குறியிடும் வழக்கமும் அந்நாளில் இல்லை. ஏடு படிப்போன் தன் புலமையினாலேயே சொல்லைப் பிரித்தும் பொருளைச் சேர்த்தும் உணர்ந்தான். அச்சுப்பொறி வந்த பின்னர் இந்நிலை மாறிற்று. 1849 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், பழைய ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்ததோடு தமிழ் உரைநடையிலே நிறுத்தக் குறிகளையும் முறையாகக் கையாண்டார். நூலின் பொருள் பழையது. அது தோன்றிய கோலமே புதியது. கோலம் திருந்தியமையாற் பொருளை அறிந்தோர் தொகை பெருகிற்று.

ஏட்டுக்கும் அச்சுக்கும் அடுத்த மூன்றாம் எழுத்துத் தளமாக இன்று விளங்குவது கணினித் திரை. அதனினுஞ் சிறப்பாகக் கைத்தொலைபேசித் திரை. இத்திரையில் விரியும் இணையப் பக்கத்தை ஆக்குங் கலை இலங்கைப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றது. க.பொ.த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திட்டத்தில் அஃது ஓர் அலகாக இடம்பெறுகின்றது. எனினும், அக்கலையைப் புதிதாகப் பயில்வோர் பலர் நிறத்திலும் வடிவிலும் மனம் பறிகொடுத்து, அடிப்படையான கோட்பாடு ஒன்றைத் தவறவிடுகின்றனர். பக்கத்தின் பொருள் வேறு, அதன் கோலம் வேறு. பொருளை முதலில் நிறுவிக் கோலத்தைப் பின்னர்ப் புனைதல் வேண்டும் என்பதே அக்கோட்பாடு. தமிழில், சிறப்பாக இலங்கைத் தமிழில், அதனைப் புறக்கணித்தமையால் நேர்ந்த இழப்புச் சிறிதன்று. மன்னார்த் தீவையும் அதன் கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அக்கோட்பாட்டையும் அதிலிருந்து கிளைக்கும் முதற் பாடங்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்க் கரையும் மாணவரும்

இலங்கையின் வடமேற்கே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவு, தாம்போதியாற் பெருநிலத்தோடு இணைந்தது. 2010 ஆம் ஆண்டில் அங்குப் புதிய பாலந் திறக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் தலைமன்னார்வரை புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் மாதோட்டம் என்னும் பண்டைத் துறையின் எச்சங்களும் திருக்கேதீச்சரமும் உள்ளன. அழிந்துகிடந்த அத்திருக்கோயிலைப் புதுப்பித்தல் வேண்டும் என 1872 ஆம் ஆண்டில் நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தவரும் நாவலரே. தெற்கே அரிப்பு, சிலாவத்துறை ஆகிய இடங்கள் முத்துக்குளிப்பாற் பெயர்பெற்றன. பள்ளிமுனையிலே அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கருதப்படும் பெருக்கமரம் நிற்கின்றது. வங்காலைச் சரணாலயம் பூநாரை முதலிய வலசைப் பறவைகள் தங்கும் ஈரநிலமாக 2010 ஆம் ஆண்டில் ராம்சார்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' மின்னிலையம் 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது.

இத்துணை வளம் பொருந்திய நிலத்தைப்பற்றி இணையத்தில் தேடுவோனுக்கு, வழிச்செல்வோரும் விடுதி நடத்துவோரும் ஆங்கிலத்தில் எழுதிய பக்கங்களே பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும். வலை இழுப்போரும் கருவாடு பதப்படுத்துவோரும் பனையோலை பின்னுவோரும் தம் மொழியில் தம் நிலத்தைப்பற்றி எழுதிய பக்கங்கள் அரியன. ஆதலால், இணையப் பக்கம் ஆக்கக் கற்றல் மன்னார் மாணவர்க்கு ஒரு தொழிலுக்கான பயிற்சி மட்டுமன்று. தம் ஊரைப்பற்றித் தாமே பேசுதற்குரிய தகுதியைப் பெறுதலுமாகும்.

அத்தகுதியைப் பெறுதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சாதாரணக் கணினி ஒன்றும், வெற்றெழுத்தை எழுதும் மென்பொருள் ஒன்றும், உலாவி எனவும் மேலோடி எனவும் வழங்கும் மென்பொருள் ஒன்றும் போதியன. பயிற்சிக் காலத்தில் இணையத் தொடர்புகூட இன்றியமையாததன்று. தன் கணினியிற் சேமித்த கோப்பையே மேலோடியில் திறந்து பார்க்கலாம். இணையத் தொடர்புக்குச் செலவிட இயலாத இல்லங்களுக்கு இஃது ஒரு பெருவாய்ப்பு. மேலும் பயில விழைவோர்க்கு, மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியிற் கட்டணமின்றி நடத்தும் பாடநெறிகளுள் தொடக்கநிலையாளருக்குரிய இணைய வடிவமைப்பும் ஒன்றாகும். 2021 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் மன்னாருக்கு அண்மையில் உள்ளது.

உடலும் உடையும்

இணையப் பக்கத்தின் வரலாறு மேற்கூறிய கோட்பாட்டை அறிதற்குத் துணைசெய்யும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ்-லீ 1989 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991 ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்தை எழுதுதற்கு அவர் வகுத்த குறிமொழியே எச்.ரி.எம்.எல். என்பது. அம்மொழி, 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது பட்டியல்', 'இது வேறொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு' என ஒவ்வொரு பகுதியின் இயல்பையும் ஒட்டுகள் எனப்படும் குறிகளாற் கூறும். தலைப்பு என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாகத் தோன்றுதல் வேண்டும் என்பதனை அது கூற முற்படவில்லை.

வணிக நோக்குடையோர் வலைக்குட் புகுந்ததும் இவ்வெளிமை அவர்க்கு நிறைவளிக்கவில்லை. நெற்ஸ்கேப் முதலிய மேலோடிகள் எழுத்துருவுக்கும் நடுப்படுத்தலுக்கும் தனி ஒட்டுகளைப் புகுத்தின. புள்ளிவிவரம் காட்டுதற்கெனப் பிறந்த அட்டவணை, பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் சட்டமாக மாறியது. ஒரு தலைப்பின் நிறத்தை மாற்ற விரும்பியவர் நூறு பக்கங்களில் நூறு இடங்களைத் தேடித் திருத்த வேண்டியவரானார். இக்குழப்பத்துக்குத் தீர்வாக நோர்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ 1994 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். தோற்றத்துக்குரிய விதிகளைப் பக்கத்தினின்றும் பிரித்துத் தனித்தாளில் எழுதுக என்பதே அதன் சாரம். பேர்ட் பொஸ் என்பாரும் அவருடன் இணைந்து உழைக்க, 1996 ஆம் ஆண்டு டிசெம்பரில் அது முதற் பரிந்துரையாக வெளிவந்தது. சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் பிறந்த வரலாறு இதுவாகும்.

இப்பிரிவினையின் ஆற்றலை 2003 ஆம் ஆண்டில் டேவ் ஷீ என்பார் தொடங்கிய ஒரு தளம் தெளிவாக எடுத்துக்காட்டியது. ஒரே எச்.ரி.எம்.எல். பக்கத்தை அவர் அனைவர்க்கும் வழங்கி, பாணித்தாளை மட்டும் மாற்றுமாறு வேண்டினார். வடிவமைப்பாளர் பலர் அனுப்பிய தாள்களால் அப்பக்கம் ஒன்றினொன்று முற்றும் வேறுபட்ட கோலங்களைப் பெற்றது. அதன் சொற்களுள் ஒன்றேனும் மாறவில்லை.

தொடக்கநிலையாளர் இதனைத் தம் ஊரை வைத்தே சோதித்தறியலாம். மன்னாரைப்பற்றிய ஒரு பக்கத்துக்கு 'மன்னார்த் தீவு' என்பது முதனிலைத் தலைப்பு. 'பெருக்கமரம்', 'வங்காலைப் பறவைகள்', 'முத்துக்குளிப்பு' என்பன இரண்டாம் நிலைத் தலைப்புகள். அவற்றின்கீழ் வருவன பத்திகள். பறவைகளின் பெயர்கள் பட்டியல். புகைவண்டி வந்துசெல்லும் நேரங்கள் அட்டவணை. எழுத்துப் பெரிதாகத் தோன்றவேண்டும் என்பதற்காகப் பத்தியைத் தலைப்பாகக் குறித்தலும், இடைவெளி வேண்டும் என்பதற்காக வெறும் பத்திகளை இடுதலும் தவறு. கண்பார்வையற்றோர்க்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளும், தேடுபொறியும் இக்குறிகளைக் கொண்டே பக்கத்தின் ஒழுங்கை உணர்கின்றன. எனவே, பாணித்தாள் இல்லாத நிலையிலும் மேலிருந்து கீழாகப் படிக்கும்போது பொருள் தடையின்றி விளங்குமாயின் அப்பக்கத்தின் உடல் உறுதியானது எனலாம். உடையை அதன்பின் அணிவித்தலே முறை.

பாமினி புகட்டும் பாடம்

பொருளையும் கோலத்தையும் பிரியாது விடுவதால் விளையும் கேட்டை இலங்கைத் தமிழர்போல் அனுபவித்தோர் சிலரே. கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்திலே, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பல தோன்றின. இலங்கையில் அவற்றுட் பெருவழக்குப் பெற்றது பாமினி. அவ்வெழுத்துருவில் 'அம்மா' என எழுதுவோர் உண்மையில் விசைப்பலகையில் இடுவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. பாமினி உள்ள கணினியில் அவை 'அம்மா' எனத் தோன்றும்; இல்லாத கணினியிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே நிற்கும்.

இங்கு நிகழ்ந்தது யாது? எழுத்துரு என்பது கோலத்தைச் சார்ந்தது, உடையைப் போன்றது. அவ்வுடையே உடலாகவும் கொள்ளப்பட்டமையால், உடை களையப்பட்டதும் தமிழே மறைந்தது. அவ்வாறு எழுதப்பட்ட பக்கத்தைத் தேடுபொறியில் தமிழ்ச் சொல்லிட்டுத் தேடிக் கண்டுபிடித்தல் இயலாது. வாசித்துக்காட்டும் மென்பொருள் அதனை வாசித்தல் இயலாது. வேறோர் எழுத்துருவுக்கு மாற்றினாற் பொருள் சிதையும்.

ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் இக்குறையை நீக்கிற்று. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அம்முறையிலும் 'அம்மா' என்பது அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகளே. ஆயின், அவை ஐந்தும் தமிழுக்கே உரியன. எவ்வெழுத்துருவை அணிந்தாலும், எதனையும் அணியாதிருந்தாலும், தமிழாகவே நிற்பன. யூ.ரி.எஃப்.-8 என்னும் முறையிற் சேமிக்கும்போது தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். பாமினியில் 5 பைற்றுகளில் அடங்கிய 'அம்மா' இங்கு 15 பைற்றுகளைப் பெறுகின்றது. இச்சிறு சுமை, பெற்ற பயனை நோக்க ஒரு பொருட்டன்று. 2003 ஆம் ஆண்டில் இ. மயூரநாதன் தொடங்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களைப் பேணுதற்கென எழுந்த 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமும் எவரும் தேடிப் பயன்கொள்ளத்தக்கனவாக வளர்ந்தமைக்கு ஒருங்குறியே அடித்தளம்.

அச்சகங்களில் பாமினி இன்றும் வழங்குகின்றது. ஆகவே மன்னாரில் ஒரு கழகத்தின் மலரையோ சங்கத்தின் அறிக்கையையோ இணையத்தில் ஏற்ற முற்படும் மாணவர், பெற்ற கோப்பு பாமினியா ஒருங்குறியா என முதலில் ஆராய்தல் வேண்டும். பாமினியாயின் அதனை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்துதலே முதற்பணி. பக்கத்தின் தலைப்பகுதியில் யூ.ரி.எஃப்.-8 என்பதையும், பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் குறித்தலும் இன்றியமையாதன.

பொதுவிதியும் சிறப்புவிதியும்

பாணித்தாளின் விதி ஒவ்வொன்றும் மூன்று உறுப்புகளை உடையது: எக்கூறுக்கு, எப்பண்பு, என்ன பெறுமானம் என்பன. இரண்டாம் நிலைத் தலைப்புக்கு நிறம் கருநீலம் என்பது ஒரு விதி. கூறின் பெயரை முதலில் எழுதி, நெளிவடைப்புக்குள் பண்பையும் பெறுமானத்தையும் முக்காற்புள்ளியாற் பிரித்து, அரைப்புள்ளியால் முடித்தல் மரபு. மேலோடி தனக்கு விளங்காத விதியைக் கண்டால் எச்சரிப்பதில்லை. அதனை விடுத்துச் செல்லும். இடையில் ஓர் அரைப்புள்ளியை மறந்தால் அவ்வரியோடு அடுத்த வரியும் பயனற்றுப்போகும். தொடக்கநிலையாளர் 'நிறம் மாறவில்லையே' என மயங்கும்போது பெரும்பாலும் இத்தகைய சிறு வழுவே காரணமாயிருக்கும்.

ஒரே கூறுக்கு இரு விதிகள் முரண்பட்டு வருமாயின் எது வெல்லும்? தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இதன் விடை புதிதன்று. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும். பத்திகள் அனைத்தும் கருநிறம் என்பது பொதுவிதி. 'எச்சரிக்கை' என்னும் வகுப்பைச் சார்ந்த பத்தி செந்நிறம் என்பது சிறப்புவிதி. தனியொரு கூறுக்கு இட்ட அடையாளப் பெயரைச் சுட்டும் விதி வகுப்பு விதியினும் சிறப்புடையது. இரு விதிகளும் ஒத்த வலிமையுடையனவாயின் பின்னர் வருவது வெல்லும். மேலோடியின் இயல்பான விதிகள், வாசகர் தம் வசதிக்கு வகுத்த விதிகள், ஆக்குவோர் எழுதிய விதிகள் என மூன்றும் இவ்வாறு படிப்படியாக வந்து பொருந்துவதாலேயே, அருவி படிப்படியாக வீழ்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் சி.எஸ்.எஸ். என்னும் பெயரின் முதலில் நிற்கின்றது. வகுப்புப் பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடுதற்கும் இம்மொழி இடந்தருகின்றது என்பது தமிழ் மாணவர் அறிந்திருத்தற்குரியது.

வழிவழி வரும் பண்பும் உண்டு. எழுத்துரு, நிறம், வரியிடைவெளி ஆகியன தாய்க்கூறினின்றும் சேய்க்கூறுக்கு இறங்கும்; எல்லைக்கோடும் புறவெளியும் அவ்வாறு இறங்குவதில்லை. எனவே முழுப்பக்கத்துக்கும் உரிய எழுத்துருவை உடற்பகுதியில் ஒருமுறை கூறுதல் போதும். ஒவ்வொரு பத்தியிலும் கூறுதல் வீண் உழைப்பு.

பெட்டியும் அளவும்

மேலோடியின் நோக்கிற் பக்கத்திலுள்ள கூறு ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. மன்னாரிற் பின்னப்படும் பனையோலைப் பெட்டியை நினைந்தால் இதன் உறுப்புகள் எளிதில் விளங்கும். பெட்டியுள் வைத்த பண்டம் உள்ளடக்கம், பண்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடைப்பட்டது உள்வெளி, சுவர் எல்லை, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடைப்பட்டது புறவெளி. பாணித்தாளில் அகலம் என ஒன்றைக் குறித்தால், இயல்பாக அது பண்டத்தின் அகலத்தையே குறிக்கும்; பெட்டியின் அகலத்தை அன்று.

தொடக்கநிலையாளர் பலர் இடறும் இடம் இதுவே. 360 அலகு அகலமுள்ள கைத்தொலைபேசித் திரைக்கென 340 அலகு அகலத்தில் ஒரு பெட்டியை ஒருவர் அமைப்பதாகக் கொள்க. இருபுறமும் 16 அலகு உள்வெளியும் ஓரலகு எல்லையும் இட்டால் மொத்த அகலம் 374 அலகாகின்றது. பெட்டி திரையை மீறிச் செல்ல, வாசகர் பக்கத்தைப் பக்கவாட்டில் இழுத்திழுத்துப் படிக்க நேரும். எல்லைவரை சேர்த்து அளக்குமாறு ஒரு விதியை முதலிலேயே எழுதிவிடின் இவ்விடர் நீங்கும். அகலத்தை நிலையான எண்ணாகக் கூறாது திரையின் நூற்றுவீதமாகக் கூறுதல் அதனினும் நன்று.

தமிழெழுத்தின் தேவைகள்

பாணித்தாள் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன. அவை கூறும் அளவுகளை அவ்வாறே தமிழுக்குக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழெழுத்துகளுள் 'கீ' போன்றன மேலும், 'ழு' போன்றன கீழும் நீள்வன. மேலோடிகள் இயல்பாகத் தரும் வரியிடைவெளியில் மேல்வரியும் கீழ்வரியும் நெருங்கிக் கண்ணை வருத்தும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரியிடைவெளி தமிழுக்கு ஏற்றது. அடிக்கோடிட்டால் 'கு', 'ழு' ஆகியவற்றின் கீழ்க்கூறுகள் கோட்டில் மறையும். சிற்றெழுத்தைத் தடிப்பாக்கினால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போம். சாய்வெழுத்துத் தமிழ் மரபில் இல்லாதது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடும் தமிழுக்கில்லை. ஆதலால், ஆங்கிலப் பக்கங்கள் அழுத்தங் காட்டுதற்குக் கையாளும் உத்திகளுட் பல இங்குப் பயன்படா. அளவும் இடைவெளியும் நிறமுமே தமிழுக்கு உற்ற துணை.

தமிழ்ச்சொற்களின் நீளமும் கருதற்பாலது. உருபும் சாரியையும் ஒட்டி நிற்றலாற் 'தொழினுட்பவியலாளர்களுக்கானது' போன்ற சொற்கள் உரைநடையில் இயல்பாக வரும். குறுகிய திரையிலே இருபுறமும் சமப்படுத்தி அச்சிட்டாற் போல் அமைத்தால், சொற்களுக்கிடையே பெரும் வெளிகள் தோன்றும். ஆதலின் இடப்புறம் மட்டும் சமப்படுத்தலே தக்கது. நீண்ட சொல் எல்லையை மீறுமிடத்து மடிந்து வருமாறும் விதி செய்யலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் அமையும் இலங்கைத் தளங்களில் இக்குறை அடிக்கடி புலப்படும். 'ஹோம்' என்னும் ஓரசைச் சொல்லை அளந்து செய்த பொத்தானுள் 'முதற்பக்கம்' என்பது அடங்காது; எழுத்துகள் வெட்டுப்பட்டோ வரி மடிந்தோ நிற்கும். தமிழைக் கடைசியில் மொழிபெயர்த்துப் புகுத்தாது தொடக்கத்திலேயே இட்டுப் பார்த்து அளவு வகுத்தால் இந்நிலை நேராது.

கரையோரத் திரை

ஒரு பக்கம் யாரால், எங்கே, எதிற் படிக்கப்படும் என்பதைக் கருதாத கோலம் சிறவாது. மன்னார்க் கரையில் அப்பக்கத்தைப் படிப்போர் பெரும்பாலும் கைத்தொலைபேசியிற் படிப்பர். வள்ளத்தருகே, நண்பகல் வெயிலிற் படித்தலும் உண்டு. வெண்டளத்தில் வெளிறிய சாம்பல்நிற எழுத்து அறைக்குள் அழகாகத் தோன்றினும் வெயிலிற் புலப்படாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகுதிறன் நெறிகள் கூறும்.

திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே தன்னை அமைத்துக்கொள்ளும் முறையை 2010 ஆம் ஆண்டில் ஈதன் மார்க்கொட் என்பார் ஒரு கட்டுரையில் விளக்கிப் பெயரிட்டார். நூற்றுவீத அளவும், தன்னளவிற் சுருங்கும் படமும், திரையகலத்தை வினவி வேறுவேறு விதிகளை ஏவும் வினாக்களும் அம்முறையின் மூன்று தூண்கள். தொடக்கநிலையாளர் சிறுதிரைக்கு முதலில் எழுதி, அகன்ற திரைக்கு வேண்டுவனவற்றைப் பின்னர்ச் சேர்த்தல் எளிது. திரையின் உண்மை அகலத்தைக் கொள்ளுமாறு பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி இடாவிடின், கைத்தொலைபேசி அப்பக்கத்தைக் கணினிக்குரியதாகக் கொண்டு எறும்பெழுத்தாகச் சுருக்கிக் காட்டும்.

படத்தின் நிறையும் எண்ணத்தக்கது. ஆயிரஞ் சொற்கொண்ட தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைற்று அளவினது. கைத்தொலைபேசியில் எடுத்த பெருக்கமரப் படம் ஒன்று 3 மெகாபைற்றாயின், அஃது அத்தகைய நூறு கட்டுரைகளின் நிறையை உடையது. படத்தைச் சுருக்காது ஏற்றுவோர் வாசகரின் பணத்தையும் பொழுதையும் செலவிடுகின்றனர்.

இவையனைத்தும் உயிர்காக்கும் செய்திகளாகும் வேளையும் உண்டு. 2020 ஆம் ஆண்டு டிசெம்பர்த் தொடக்கத்திலே புரெவிச் சூறாவளி இலங்கையின் வடகிழக்குக் கரையிற் புகுந்து, வடபகுதியைக் கடந்து, மன்னார் வளைகுடாவை அடைந்தது. அத்தகைய நாளில் மீனவர்க்கென ஒருவர் எச்சரிக்கைப் பக்கம் அமைப்பதாகக் கொள்வோமாயின், அறிவிப்பைப் படமாக ஒட்டினால் மெலிந்த இணைப்பில் அது திறவாது. பாமினியில் இட்டாற் பிற கருவிகளில் எழுத்துச் சிதையும். செந்நிறம் இடர், பசுநிறம் நலம் என நிறத்தாலன்றிச் சொல்லாற் கூறாதுவிட்டால் நிறவேறுபாடு அறியாதோர் ஏமாறுவர். 'கடலுக்குச் செல்லற்க' என்பதை ஒருங்குறித் தமிழில் முதனிலைத் தலைப்பாக நிறுவி, நாளும் நேரமும் குறித்து, அதன்பின் நிறம் ஊட்டிய பக்கமே எந்நிலையிலும் தன் கடமையைச் செய்யும். பொருள் முதல், கோலம் பின் என்னும் கோட்பாட்டின் பயன் இங்கு வெளிப்படை.

பயிலும் முறை

மேற்கூறியவற்றால் பயிற்சிக்குரிய ஒழுங்கு பெறப்படும். எடுத்த பொருளைத் தாளில் எழுதிச் செம்மைசெய்தல் முதற்படி. அதற்கு எச்.ரி.எம்.எல். குறியிட்டு, உடையின்றியே படித்துப் பார்த்தல் இரண்டாம் படி. எழுத்துரு, அளவு, வரியிடைவெளி, நிறம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பாணித்தாளில் எழுதி, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் நோக்குதல் மூன்றாம் படி. பெட்டியளவும் பத்தியமைப்பும் அதன்பின்னரே. இறுதியில், கைத்தொலைபேசியில் இட்டு, கணினி அறியாத ஒருவரிடங் கொடுத்துப் படிக்கச் செய்தல் வேண்டும்; அவர் தயங்கும் இடமே திருந்தவேண்டிய இடம். பிறர் ஆக்கிய பக்கத்தின் மூலத்தை மேலோடியிலேயே திறந்து ஆராயவும் இயலும்.

ஆயத்த வார்ப்புருக்களும், கேட்டவுடன் பக்கத்தை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் மலிந்த இந்நாளில் இவற்றைக் கற்பானேன் என வினவுவாரும் உளர். கருவி தரும் பக்கம் அழகியதாயிருக்கலாம். அதன் தலைப்பு உண்மையிலே தலைப்பாகக் குறிக்கப்பட்டுள்ளதா, தமிழ் வரிகள் நெருங்கி நிற்கின்றனவா, வெயிலில் எழுத்துத் தெரியுமா என ஆராய்தற்குக் கற்றோர் வேண்டும். அடிப்படை அறிந்தவர்க்கே கருவி ஏவலாள். அறியாதவர் கருவி தந்ததைக் கொள்வதன்றி வேறு செய்யமாட்டார்.

2025 ஆம் ஆண்டிலே, தீவில் மேலுங் காற்றாலைகள் நிறுவுதலையும் கனியமணல் அகழ்தலையும் எதிர்த்து மன்னார் மக்கள் போராடினர். நிலத்தையும் நீரையும் தொழிலையும் பற்றிய இத்தகைய வாதங்களில் எப்பக்கத்தார் கூற்றாயினும், சான்றுகளோடு தெளிந்த தமிழிலே எவரும் படிக்கத்தக்க பக்கமாக எழுதப்பட்டு நிலைபெறுதல் வேண்டும். அவ்வப்பொழுது சமூக ஊடகங்களில் எழுந்து மறையும் குறிப்புகள் அப்பணியைச் செய்யா. வங்காலைக்கு வரும் பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களும், கரைவலைத் தொழிலின் சொற்களும், முத்துக்குளிப்புப் பற்றிய முதியோர் நினைவுகளும் அவ்வாறே எழுதப்படாது உள்ளவிடத்து, ஏற்றோர் இன்றி மறைந்துபோம். நாவலர் காலத்தில் ஏட்டிலிருந்து அச்சுக்குச் சென்றவையே பெரும்பாலும் பிற்காலத்தார் கைக்கு எட்டின. இன்று அச்சிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் திரைக்குச் செல்ல வேண்டியவை பல. அவற்றைச் செம்மையாக ஏற்றிவைக்கும் திறன், மன்னார்ப் பாடசாலை மாணவர் ஒருவர் சில திங்கள் முயற்சியால் அடையத்தக்கதாகவே உள்ளது.